சைப்ரஸ் தீவில் ஒரு திம்மய்யா ரோடு

ஹெப்பகோடியில் பஸ் ஏறி ஓசூர் ரோட்டிலேயே நேராகப் போனால், எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மனஹள்ளி, மடிவாளா, டெய்ரி சர்க்கிள் எல்லாம் கடந்து, கடைசியில் ஜான்சன் மார்க்கெட் பக்கம் வந்து சேரலாம். அங்கே ஓசூர் ரோடு, ரிச்மண்ட் ரோட்டில் போய் முட்டுகிறது.

ரிச்மண்ட் ரோடு என்பது பழைய பெயர். வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர். அந்த ரோட்டுக்கு இப்போது உள்ள பெயர், ஜெனரல் கே.எஸ். திம்மய்யா ரோடு.

ஆனால், ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து திம்மய்யா ரோடு என்று சொன்னால், டிரைவர் திரும்பிப் பார்த்து, அது எங்கே இருக்கிறது என்று கேட்பார். ரிச்மண்ட் ரோடு என்று சொன்னால்தான் வண்டி நகரும்!

பெங்களூரில் இருந்து பல ஆயிரம் மைல்களுக்கு அப்பால், மத்திய தரைக்கடலில் சைப்ரஸ் என்று ஒரு தீவு இருக்கிறது. அந்தத் தீவில் லார்னாகா என்பது ஒரு துறைமுக நகரம். படகுத் துறைக்குப் பக்கத்தில் உள்ள வட்டச் சந்திப்பில் இருந்து ஊரை விட்டுக் கிழக்கே போகும் பெரிய சாலைக்கும் திம்மய்யாவின் பெயர்தான். கிரேக்க மொழியில் ஜெனரலை ஸ்ட்ராட்டிகோஸ் என்பார்கள். அதனால் அங்கே அது ஸ்ட்ராட்டிகூ திமாயா சாலை. அங்குள்ள ஓட்டல்களும் கடைகளும் தங்கள் விலாசத்தை அப்படித்தான் எழுதுகின்றன.

குடகு மலையில் பிறந்த ஒருவரின் பெயர், கிரேக்க மொழி பேசும் ஊரின் நெடுஞ்சாலைக்கு எப்படிப் போனது?

அவர் அந்தத் தீவில் வேலையில் இருக்கும்போதே இறந்தவர். இறக்கும்போது அவர் நடத்திக்கொண்டிருந்தது போர் அல்ல. போர் மூளாமல் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

குடகில் பிறந்தார்

கொடந்தேர சுப்பய்ய திம்மய்யா என்பது முழுப்பெயர். கொடந்தேர என்பது குடும்பப் பெயர். 1906-ம் ஆண்டு மார்ச் மாதம் மெர்க்காராவில் பிறந்தார். இன்று அந்த ஊரை மடிகேரி என்கிறோம். காப்பித் தோட்டம் வைத்திருந்த குடும்பம். தாயார் சீதம்மா, பொதுச் சேவைக்காக வெள்ளைக்கார சர்க்காரின் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் பெற்றவர்.

வீட்டில் ஆண் பிள்ளைகள் மூன்று பேர். மூன்று பேரும் பட்டாளத்தில் அதிகாரிகள் ஆனார்கள். அதில் ஒரு விசித்திரம் உண்டு. அதைப் பிறகு பார்க்கலாம்.

எட்டு வயதில் திம்மய்யாவைக் குன்னூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஐரிஷ் பாதிரிமார்கள் நடத்திய செயின்ட் ஜோசப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். நீலகிரிக் குளிரில் கொஞ்ச காலம். அதன் பிறகு பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளிக்கூடம். அங்கிருந்து டேராடூன் ராணுவப் பள்ளிக்கும், பிறகு சீமையில் உள்ள சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரிக்கும் போனார். அந்தக் கல்லூரியில் அப்போது இந்தியர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1926-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அதிகாரி ஆனார். அப்போது அவருக்கு வயது 20 கூட நிறையவில்லை.

முதலில் பெங்களூரில் இருந்த ஒரு ஸ்காட்லாந்து பட்டாளத்தில் சேர்த்தார்கள். பிறகு, 19-வது ஐதராபாத் ரெஜிமெண்டின் 4-வது பட்டாளத்துக்கு மாற்றினார்கள். இந்த ரெஜிமெண்டுதான் பிற்காலத்தில் குமாவோன் ரெஜிமெண்ட் என்று பெயர் மாறியது. பாக்தாத்திலும், வடமேற்கு எல்லையிலும் வேலை பார்த்தார்.

வேலையை விட நினைத்தார்

அந்த நாளில் இந்திய அதிகாரிகளின் நிலை தர்ம சங்கடமானது. வெள்ளைக்காரர்கள் இவர்களைச் சமமாக நடத்தவில்லை. ஊர் ஜனங்களோ, வெள்ளைக்காரனுக்குக் கைகட்டி நிற்பவர்கள் என்று பார்த்தார்கள். காந்திஜியின் இயக்கம் வலுவடைந்த நேரம் வேறு.

பட்டாளம் அலகாபாத்தில் இருந்தபோது, திம்மய்யாவும் அவருடைய இந்திய நண்பர்கள் சிலரும் மோதிலால் நேருவைப் பார்த்தார்கள். உத்தியோகத்தை விட்டுவிடலாமா என்று யோசனை கேட்டார்கள். விட வேண்டாம், தொழிலை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள், நாடு விடுதலை அடையும்போது பயிற்சி பெற்ற அதிகாரிகள் தேவைப்படுவார்கள் என்று மோதிலால் புத்தி சொல்லி அனுப்பினார் என்று, திம்மய்யாவின் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

மோதிலாலின் மகன்தான் பிற்காலத்தில் பிரதமர். அவருக்கும் திம்மய்யாவுக்கும் இடையே 1959-ல் நடந்ததை நினைத்தால், இந்த அலகாபாத் சந்திப்பு இன்னும் முக்கியமாகத் தோன்றுகிறது.

1935-ம் ஆண்டு ஜனவரியில் திம்மய்யாவுக்குக் கல்யாணம் நடந்தது. மனைவி பெயர் நீனா. புதுமணத் தம்பதிகள் குவெட்டா நகரில் இருந்தபோது, அந்த ஆண்டு மே 31-ந் தேதி அதிகாலை பெரிய பூகம்பம் ஏற்பட்டது. நகரமே தரைமட்டமானது. ஆயிரம் ஆயிரமாக ஜனங்கள் செத்தார்கள். இருவரும் நிவாரண வேலையில் இறங்கினார்கள். நீனாவின் சேவைக்காக அவருக்கும் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் கிடைத்தது. மாமியாரும் மருமகளும் ஒரே பதக்கம் வாங்கிய குடும்பம் இது!

அடுத்த ஆண்டு சென்னைக்கு மாற்றம். சென்னை பல்கலைக்கழக மாணவர்களுக்கு ராணுவப் பயிற்சி கொடுக்கும் படையில் அட்ஜுடண்ட் வேலை. கல்லூரிப் பையன்களுக்கு அணிவகுக்கச் சொல்லிக் கொடுத்தார்.

அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம்

இரண்டாம் உலகப்போர் வந்தது. திம்மய்யாவின் பட்டாளம் சிங்கப்பூரில் இருந்தது. 1941-ல் அவர் மாற்றல் கேட்டு இந்தியா திரும்பினார். அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே மலேயாவில் ஜப்பானியர்கள் அந்தப் பட்டாளத்தைச் சின்னாபின்னம் செய்தார்கள். பிப்ரவரி மாதம் சிங்கப்பூரும் விழுந்தது. திம்மய்யா அங்கேயே இருந்திருந்தால் கொல்லப்பட்டிருப்பார், அல்லது கைதியாகி இருப்பார்.

அவருடைய அண்ணன் பொன்னப்பா, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். திம்மய்யாவோ பிரிட்டிஷ் இந்தியப் படையில் பர்மாவின் அரக்கான் பகுதியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஒரே வீட்டுப் பிள்ளைகள் எதிர் எதிர் அணியில்! மேலே சொன்ன விசித்திரம் இதுதான். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலும் மலேயாத் தமிழர்களிடமும் இப்படிப் பிரிந்து நின்ற குடும்பங்கள் உண்டு.

அரக்கானில் திம்மய்யா 8-வது ஐதராபாத் பட்டாளத்துக்குத் தலைமை தாங்கினார். 1945-ம் ஆண்டு தொடக்கத்தில் கங்காவ் என்ற இடத்தில் கடும் போர் நடந்தது. அந்தப் போரில் இறங்கிய ஒரு பிரிகேடில், மூன்று பட்டாளங்களுக்கும் இந்தியர்களே தலைவர்கள். திம்மய்யா, தோரட், சென் என்ற அந்த மூவருக்கும் டி.எஸ்.ஓ. என்னும் வீரப் பதக்கம் கிடைத்தது. இந்தியர்களுக்குப் படை நடத்தத் தெரியாது என்று அதுவரை பேசிக்கொண்டிருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு, போர்க்களத்தில் ஒரு காலாட்படை பிரிகேடை நடத்தும் பொறுப்பும் திம்மய்யாவுக்கு வந்தது. உலகப்போரில் அந்த வாய்ப்பைப் பெற்ற ஒரே இந்தியர் அவர். போர் முடிந்ததும், தோற்றுப்போன ஜப்பானில் நிறுத்தப்பட்ட 268-வது இந்திய பிரிகேடுக்கும் அவரே தளபதி.

டாங்கி ஏறிய மலை

1947-ல் நாடு விடுதலை அடைந்தது. பஞ்சாபில் ரத்த ஆறு ஓடியது. அகதிகளைக் காப்பாற்றும் வேலையில் திம்மய்யாவை இறக்கினார்கள். அடுத்த ஆண்டு காஷ்மீருக்கு அனுப்பினார்கள். அவருடைய பெயரை நாடு முழுவதும் தெரிய வைத்தது அந்தப் போர்தான்.

அப்போது லடாக்கின் தலைநகர் லே, எதிரிகள் கையில் விழும் நிலையில் இருந்தது. சாலை கிடையாது. 1948-ம் ஆண்டு மே 24-ந் தேதி, மெகர்சிங் என்ற விமானப்படை அதிகாரி ஒரு டகோட்டா விமானத்தை ஓட்டிக்கொண்டு போய் லேயில் இறக்கினார். சுமார் 11,500 அடி உயரத்தில், ஆற்று ஓரத்து மணலில் அவசரமாகச் சமப்படுத்திய தரை அது. அதற்கு முன் அங்கே விமானம் இறங்கியதே கிடையாது. அந்த முதல் விமானத்தில் திம்மய்யாவும் உட்கார்ந்து போனார். டிவிஷன் தளபதி இப்படிப் போக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. தளபதியே போகிறார் என்றால் மற்றவர்கள் தயங்கமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு.

விமானத்தில் போன சிறு படையால் லேயைக் கொஞ்ச காலம்தான் காப்பாற்ற முடியும். தரை வழி வேண்டும். ஸ்ரீநகரில் இருந்து லடாக் போகும் வழியில் ஜோசிலா கணவாய் குறுக்கே நின்றது. உயரம் சுமார் 11,500 அடி. கணவாயின் இரு புறமும் குகைகளில் எதிரிகள் எந்திரத் துப்பாக்கிகளுடன் உட்கார்ந்திருந்தார்கள். செப்டம்பர் மாதம் காலாட்படை தாக்கியது. முடியவில்லை. குளிர்காலம் நெருங்கிவிட்டது. பனி மூடிவிட்டால் லேயை மறந்துவிட வேண்டியதுதான்.

டாங்கிகளை ஏற்றலாம் என்று முடிவு செய்யப்பட்டது. அவ்வளவு உயரத்தில் அதுவரை உலகத்தில் யாரும் டாங்கியைக் கொண்டுபோய்ப் போர் செய்தது இல்லை. பலர் சிரித்தார்கள்.

7-வது குதிரைப்படையின் ஸ்டூவர்ட் ரக டாங்கிகள் ஜம்முவில் இருந்து புறப்பட்டன. யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக, மேலே சுழலும் பீரங்கிக் கூண்டுகளைக் கழற்றித் தனியாகக் கொண்டுபோனார்கள். வழியில் பாலங்கள் எல்லாம் பலவீனமானவை. அவற்றுக்கு முட்டுக்கொடுத்து, பானிஹால் மலையைக் கடந்து, ஸ்ரீநகர் போய்ச் சேர்ந்தார்கள்.

ஹெப்பகோடி வாசிகளுக்கு இங்கே ஒரு செய்தி. அந்த ஜம்மு-ஸ்ரீநகர் சாலை இன்று 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையின் வடகோடிப் பகுதி. ஸ்ரீநகரில் தொடங்கி 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடி கன்னியாகுமரியில் முடியும் அதே நெடுஞ்சாலைதான், முன்பு 7-ம் எண் என்று அழைக்கப்பட்டு, இன்று ஹெப்பகோடியையும் பொம்மசந்திராவையும் அத்திப்பள்ளியையும் தொட்டுக்கொண்டு ஓசூருக்குப் போகிறது. இந்தப் பக்கம் இரு சக்கர வண்டிகளும் கம்பெனி பஸ்களும் போகின்றன. அந்தப் பக்கம் டாங்கிகள் போயின.

மதராஸ் சேப்பர்கள் போட்ட பாதை

ஸ்ரீநகருக்கு அப்பால் பால்டால் வரை போகலாம். அதற்கு மேல் கணவாய்க்குக் கோவேறு கழுதை போகும் ஒற்றையடிப் பாதைதான். ஒரு பக்கம் செங்குத்தான மலை. மறு பக்கம் அதலபாதாளம். இதை டாங்கி போகும் பாதையாக அகலப்படுத்த வேண்டும். அதுவும் எதிரியின் குண்டு வீச்சுக்கு நடுவில்.

அந்த வேலையைச் செய்தவர்கள் மதராஸ் சேப்பர்கள். பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் தலைமை இடம் வைத்திருக்கும் அதே மதராஸ் என்ஜினீயர் படைதான். தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் சேர்ந்து வந்த படை. பெங்களூர் கண்டோன்மெண்ட் தமிழ்க் குடும்பங்களில், தாத்தா சேப்பர்ஸில் இருந்தார் என்று சொல்லாத குடும்பம் குறைவு. வேலூர், தர்மபுரி, திருநெல்வேலி என்று வெயில் ஊர்களில் இருந்து வந்தவர்கள், விரல் விறைக்கும் குளிரில் பாறையை வெடி வைத்துத் தகர்த்துப் பாதை போட்டார்கள். ஜோசிலா வெற்றியைப் பற்றிப் பேசுகிறவர்கள் டாங்கிகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பாதை போட்டவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு.

1948-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி பிற்பகல். பனி பெய்துகொண்டிருந்தது. டாங்கிகள் கணவாய்க்குள் உறுமிக்கொண்டு நுழைந்தன. முன்னால் போன டாங்கியில் மேஜர் ஜெனரல் திம்மய்யா இருந்தார். பனி மலையில் டாங்கியைக் கண்ட எதிரிகள் திகைத்துப்போனார்கள். குகைகளை நோக்கி டாங்கிகள் நேராகச் சுட்டன. அன்று மாலைக்குள் கணவாய் இந்தியாவின் கையில். நவம்பர் நடுவில் திராஸ், 24-ந் தேதி கார்கில். லே காப்பாற்றப்பட்டது.

1999-ல் கார்கில், திராஸ் என்ற பெயர்களைத் தினமும் பத்திரிகைகளில் படித்தோமே, அந்த ஊர்கள் இந்தியாவிடம் இருப்பதற்கு 1948 நவம்பரில் நடந்த அந்தப் போர்தான் காரணம்.

அதே காஷ்மீர் போரில் திம்மய்யாவின் தம்பி சோமய்யா உயிர் இழந்தார். மூன்று சகோதரர்களில் ஒருவர் நேதாஜி படையில், ஒருவர் போர்க்களத்தில் பலி, ஒருவர் தளபதி.

22 ஆயிரம் கைதிகள்

1953-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி கொரியாவில் சண்டை நின்றது. ஆனால், ஒரு சிக்கல் தீரவில்லை. பிடிபட்ட சீன, வடகொரியக் கைதிகளில் 22 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் சொந்த நாட்டுக்குத் திரும்பமாட்டோம் என்றார்கள். இந்தப் பக்கம் பிடிபட்டவர்களிலும், அமெரிக்கர்கள் உள்பட 350-க்கும் மேற்பட்டவர்கள் திரும்ப மறுத்தார்கள். யார் சொல்வது உண்மை, யார் மிரட்டலுக்குப் பயந்து பேசுகிறார்கள் என்று பார்க்க ஐந்து நடுநிலை நாடுகளின் கமிஷன் அமைக்கப்பட்டது. ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாகியா, இந்தியா. தலைவர் பதவி இந்தியாவுக்கு. திம்மய்யாவை அனுப்பினார் நேரு. கைதிகளைக் காவல் காக்கும் இந்தியப் படைக்குத் தலைவர், அரக்கானில் அவருடன் சேர்ந்து போரிட்ட அதே தோரட்.

இரண்டு பக்கமும் ஏசும் வேலை அது. இந்தியப் படை தன் மண்ணில் கால் வைக்கக்கூடாது என்றார் தென்கொரிய ஜனாதிபதி சிங்மன் ரீ. அதனால், கப்பலில் வந்த இந்தியச் சிப்பாய்களை ஹெலிகாப்டர்களில் ஏற்றி, தென்கொரிய மண்ணைத் தொடாமலே நடுநிலைப் பகுதியில் கொண்டுபோய் இறக்கினார்கள்! கைதிகள் இந்தியச் சிப்பாய்கள் மீது கல் எறிந்தார்கள். ஒரு முறை ஓர் இந்திய மேஜரையே முகாமுக்குள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். தோரட் உள்ளே போய்ப் பேசி அவரை மீட்டார். துப்பாக்கி சுட்டிருந்தால் அன்று என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

பெரும்பாலான கைதிகள் கடைசி வரை மனம் மாறவில்லை. கெடு முடிந்ததும், 1954-ம் ஆண்டு ஜனவரியில் அவர்களைப் பிடித்தவர்களிடமே திருப்பி ஒப்படைத்தார் திம்மய்யா. கம்யூனிஸ்டு நாடுகள் கண்டித்தன. முன்பு கண்டித்த அமெரிக்கர்கள் பாராட்டினார்கள். எந்தப் பக்கமும் போக விரும்பாத 88 பேர், திரும்பிய இந்தியப் படையுடன் கப்பல் ஏறி, பிப்ரவரி மாதம் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அந்த ஆண்டு திம்மய்யாவுக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது.

ராஜினாமா

1957-ம் ஆண்டு மே மாதம் திம்மய்யா ராணுவத் தலைமைத் தளபதி ஆனார். கரியப்பாவுக்குப் பிறகு அந்தப் பதவிக்கு வந்த இரண்டாவது குடகுக்காரர்.

அப்போது ராணுவ மந்திரி வி.கே. கிருஷ்ணமேனன். கூர்மையான புத்திசாலி, நாக்கு அதைவிடக் கூர்மை. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அதிகாரிகளின் பதவி உயர்வில் மந்திரி தலையிடுகிறார் என்று திம்மய்யா கருதினார். எல்லையில் சீனாவால் ஆபத்து வரும் என்ற அவருடைய எச்சரிக்கையும் எடுபடவில்லை. பாகிஸ்தான் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது டெல்லி.

1959-ம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில், வடகிழக்கு எல்லையில் லோங்ஜு என்ற இடத்தில் சீனத் துருப்புகள் சுட்டன. அதே வாரத்தில், 31-ந் தேதி, திம்மய்யா ராஜினாமா கடிதம் கொடுத்தார். நேரு அவரைக் கூப்பிட்டுப் பேசினார். வாபஸ் வாங்கும்படி கேட்டுக்கொண்டார். பிரதமரின் பேச்சை நம்பி திம்மய்யா வாபஸ் வாங்கினார். ஆனால், அதற்குள் செய்தி பத்திரிகைகளில் வெளியாகிவிட்டது. செப்டம்பர் 2-ந் தேதி பாராளுமன்றத்தில் பேசிய நேரு, தளபதி செய்தது சரியல்ல என்று குறை கூறினார். மந்திரியை விட்டுக்கொடுக்கவில்லை. ராணுவத்துக்கு மேலானது சிவில் அதிகாரம் என்று அழுத்தமாகச் சொன்னார்.

சிவில் அதிகாரம் மேலானது என்பதில் திம்மய்யாவுக்கே மாறுபட்ட கருத்து இல்லை. பக்கத்து நாடான பாகிஸ்தானில் முந்திய ஆண்டுதான் தளபதி அயூப்கான் ஆட்சியைப் பிடித்திருந்தார். டெல்லியில் பலருக்கு அந்தப் பயம் இருந்தது. ஆனால், ராஜினாமா செய்கிறவர் ஆட்சியைப் பிடிக்கிறவர் அல்ல. வீட்டுக்குப் போகிறவர். அந்த வித்தியாசத்தை அன்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

வாபஸ் வாங்கியது தவறு என்று இன்றும் சிலர் வாதாடுகிறார்கள். அன்றே வெளியேறி இருந்தால் நாடு விழித்திருக்கும் என்பது அவர்கள் கட்சி. எல்லையில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும்போது தளபதி போவது சரியல்ல என்பது மறு கட்சி. எது சரி என்றாலும், அதன் பிறகு இருந்த 20 மாதங்களில் அவர் பேச்சுக்குப் பழைய மதிப்பு இல்லை என்பது உண்மை.

1961-ம் ஆண்டு மே மாதம் ஓய்வு பெற்றுக் குடகுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு அக்டோபரில் சீனா படையெடுத்தது. இந்தியப் படை மலைகளில் போதிய கம்பளி உடைகூட இல்லாமல் சண்டை போட்டது. கிருஷ்ணமேனன் பதவி இழந்தார். அடுத்து வந்த தளபதி தாப்பரும் விலகினார்.

கடைசி வேலை

சைப்ரஸ் தீவு 1960-ல் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்து விடுதலை பெற்றது. கிரேக்கர்கள் பெரும்பான்மை. துருக்கியர்கள் சிறுபான்மை. 1963-ம் ஆண்டு டிசம்பரில் இருவருக்கும் இடையே கலவரம் வெடித்தது. அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள். தலைநகர் நிகோசியாவின் நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரிக்க வேண்டியதாயிற்று. 1964-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி ஐ.நா. பாதுகாப்புச் சபை தீர்மானம் போட்டு, அமைதிப்படை அனுப்பியது. அதன் முதல் தளபதி கியானி, ஓர் இந்தியர். அவருக்குப் பிறகு, அந்த ஆண்டு ஜூலை மாதம் திம்மய்யா வந்தார்.

வந்து ஒரு மாதம் ஆவதற்குள் தீவின் வடமேற்கில் பெரிய சண்டை. ஆகஸ்டு 8, 9 தேதிகளில் துருக்கி விமானங்கள் பறந்து வந்து குண்டு போட்டன. கிரீசும் துருக்கியும் நேருக்கு நேர் மோதும் நிலை. ஐ.நா. படைக்குச் சுடும் அதிகாரம் தற்காப்புக்கு மட்டுமே. கனடா, பிரிட்டன், ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து, அயர்லாந்து என்று ஆளுக்கொரு நாட்டுச் சிப்பாய்கள். அவர்களை இரு தரப்புக்கும் நடுவில் நிறுத்தி, இந்தத் தெருவில் ஒரு மணல் மூட்டை, அந்த மலையில் ஒரு காவல் கொட்டகை என்று ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கில் பேரம் பேசி, சண்டையைத் தள்ளிப்போட வேண்டும்.

ஜோசிலாவில் ஒரே நாளில் வெற்றி வந்தது. இங்கே வெற்றி என்றால், இன்று ஒன்றும் நடக்கவில்லை என்று இரவில் படுப்பதுதான். கொரியாவில் பழகிய பொறுமை இங்கே கைகொடுத்தது. ஜனாதிபதி மக்காரியாசிடமும் பேசினார். துருக்கித் தலைவர்களிடமும் பேசினார். இரண்டு தரப்பும் அவரிடம் மரியாதை வைத்திருந்தன.

1965-ம் ஆண்டு செப்டம்பரில் இந்தியாவும் பாகிஸ்தானும் போரிட்டன. அப்போதும் அவர் சைப்ரசில்தான் இருந்தார்.

அந்த ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி திம்மய்யா மாரடைப்பால் காலமானார். வயது 59. ஐ.நா.வின் தளபதி உடையைக் கழற்றாமலே, சொந்த மண்ணுக்கு வெகு தூரத்தில் உயிர் பிரிந்தது. உடலை விமானத்தில் பெங்களூருக்குக் கொண்டுவந்து ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள்.

சைப்ரஸ் அரசாங்கம் தாமதம் செய்யவில்லை. 1966-லேயே அவர் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது. லார்னாகா சாலைக்கும் அவர் பெயர் வந்தது. பிற்காலத்தில், 1969 முதல் 1976 வரை அங்கே ஐ.நா. தளபதியாக இருந்த பிரேம்சந்தும் இந்தியர். கியானி, திம்மய்யா, பிரேம்சந்த் மூவரில், தீவிலேயே உயிர் விட்டவர் திம்மய்யா மட்டும்தான்.

பெயரும் பலகையும்

1974-ல் துருக்கிப் படை சைப்ரசில் இறங்கி, தீவு இரண்டாகப் பிரிந்தது. திம்மய்யா தள்ளிப்போட்ட ஆபத்து, அவர் இறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு வந்தே விட்டது. ஐ.நா. படை இன்னும் அங்கேதான் இருக்கிறது. நிகோசியாவின் நடுக்கோடும் இருக்கிறது. லார்னாகா சாலையின் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

நம் நாட்டிலும் அவர் பெயர் இல்லாமல் இல்லை. புனா கண்டோன்மெண்டில் ஈஸ்ட் ஸ்டிரீட்டுக்கு ஜெனரல் திம்மய்யா ரோடு என்று பெயர். மலையேற்றம் சொல்லிக்கொடுக்கும் கர்நாடக அரசின் நிறுவனத்துக்கும் அவர் பெயர் உண்டு. மடிகேரிக்குள் நுழையும்போதே அவர் சிலையைப் பார்க்கலாம். பெங்களூரில் ரெசிடென்சி ரோடு கரியப்பாவுக்கு, ரிச்மண்ட் ரோடு திம்மய்யாவுக்கு. இரண்டு குடகுத் தளபதிகளும் பக்கத்துப் பக்கத்து ரோடுகளாக இருக்கிறார்கள். இரண்டையும் ஜனங்கள் பழைய பெயரில்தான் அழைக்கிறார்கள்.

2008-ம் ஆண்டு மும்பை தாஜ் ஓட்டலில் பயங்கரவாதிகளுடன் போரிட்டு உயிர் நீத்த மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன் பெயரை எலகங்காவில் ஒரு சாலைக்கு வைத்தார்கள். அந்தப் பெயர் ஜனங்கள் வாயில் ஓரளவு ஏறிவிட்டது. புதிய பகுதியில் உள்ள சாலை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். நூறு வருடம் பழகிய பெயரைப் பலகை ஒன்று மாட்டி அழித்துவிட முடிவதில்லை.

மடிகேரியில் திம்மய்யா வளர்ந்த வீட்டுக்கு சன்னி சைடு என்று பெயர். அவர் காலத்துக்குப் பிறகு அது சர்க்கார் கைக்கு வந்தது. பல ஆண்டு காலம் அங்கே நடந்தது ஆர்.டி.ஓ. ஆபீஸ்! குடகுக்காரர்கள் கார் ஓட்டவும் லாரி ஓட்டவும் லைசென்சு வாங்க வரிசையில் நின்றது அந்த வீட்டு வாசலில்தான். முன்னாள் ராணுவத்தினரும் ஊர்க்காரர்களும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஆர்.டி.ஓ. ஆபீசைக் காலி செய்து, வீட்டைப் பழுது பார்த்து, நினைவு மியூசியம் ஆக்கினார்கள். 2021-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் அதைத் திறந்து வைத்தார். திம்மய்யா இறந்து அப்போது 55 ஆண்டுகள் ஆகியிருந்தன.